மெய்யும் நிறுவலும்

'மழை பெய்கின்றது' என்பது ஒரு செய்தி. 'மழை பெய்யக்கூடும்' என்பது மற்றொரு செய்தி. 'மழை பெய்தே தீரும்' என்பது இவ்விரண்டின் வேறாய மூன்றாவது செய்தி. மூன்றும் மழையைப் பற்றியனவே. ஆயினும் முதலாவது உண்மையாமிடத்து மூன்றாவதும் உண்மையாதல் வேண்டுமென்பதில்லை. முதலாவது பொய்யாமிடத்தும் இரண்டாவது உண்மையாகலாம். இத்தகைய நிலை வேறுபாடுகளைத் தமிழிலக்கணம் மிகப் பழங்காலத்திலேயே உற்று நோக்கியுள்ளது. 'கொல்' என்னும் இடைச்சொல் ஐயப்பொருளைத் தரும் என்றும், ஏகாரத்தின் பொருள்களுள் தேற்றமும் ஒன்று என்றும் தொல்காப்பியனார் இடையியலுள் வகுத்துரைத்தார். ஆயின் இலக்கணம் சொல்லுக்குப் பொருள் கூறி அமையும். 'கூடும்', 'கட்டாயம்' என்னும் சொற்களைக் கொண்டு ஒருவர் வாதம் நிகழ்த்துங்கால், எதனின்று எது பெறப்படும், எது பெறப்படாது என்று ஆராய்தல் அளவை நூலின் தொழிலாம். அவ்வாராய்ச்சியை மேனாட்டார் 'மோடல் லாஜிக்' என வழங்குவர். உண்மையின் நிலைகளைப் பற்றியதாகலின், யாம் அதனை ஈண்டு 'நிலையளவை' எனக் குறிப்பாம்.

தமிழ் பயிலும் மாணவர்க்கு இதனால் ஆவது என்னை எனின், கூறுவாம். நாம் அன்றாடம் நிகழ்த்தும் வாதங்களில் ஒரு மயக்கம் மலிந்து கிடக்கின்றது. 'இதனை நிறுவ எம்மால் இயலவில்லை' என்பதையும், 'இதனை எவராலும் நிறுவ இயலாது' என்பதையும் ஒன்றே போல நாம் பேசிவிடுகின்றோம். முன்னது நம் முயற்சியின் குறையைக் கூறுவது; பின்னது பொருளின் இயல்பைக் கூறுவது. முன்னதற்கு நம் சொல்லே சான்றாக அமையும். பின்னதற்குச் சான்று யாது? ஆயிரம் ஆண்டுகள் முயன்றும் ஒரு நிறுவல் கிடைத்திலது எனினும், ஆயிரத்தோராம் ஆண்டில் அது கிடைத்தலும் கூடுமன்றோ? நிறுவல் இல்லை என்பதை எங்ஙனம் நிறுவுவது? இவ்வினாவிற்கு நிலையளவை நூலார் கண்ட விடையே இக்கட்டுரையின் பொருளாகும்.

நூல் வரலாறு

கூடுவதையும் கட்டாயமாவதையும் முறைப்பட ஆராய்ந்தவருள் முன்னோர் கிரேக்க அறிஞராகிய அரிஸ்டாட்டில் ஆவர். நாளை ஒரு கடற்போர் நிகழும் என்பது இன்றே உண்மையாயின், அப்போர் நிகழ்ந்தே தீருமோ என்று அவர் எழுப்பிய வினா இன்றளவும் அறிஞரால் ஆராயப்பட்டு வருகின்றது.

இக்காலத்து நிலையளவைக்கு வித்திட்டவர் அமெரிக்கராகிய சி. ஐ. லூயிஸ். அவர் காலத்துக் கணித அளவையில் 'க எனின் ச' என்னும் வாக்கியம், க பொய்யாமிடத்தெல்லாம் உண்மை எனக் கொள்ளப்பட்டது. அங்ஙனமாயின், கடல் வற்றாதிருக்கும் வரையில் 'கடல் வற்றிற்று எனின் மலை பறக்கும்' என்பதும் உண்மையாய் முடியும். இது நாம் வழங்கும் 'எனின்' என்னும் சொல்லின் இயல்பிற்கு ஒவ்வாது எனக் கண்ட லூயிஸ், கட்டாயத்தைத் தன்னகத்தே அடக்கிய வலியதோர் 'எனின்' வகுக்க முற்பட்டார். 1918-இல் தாம் வெளியிட்ட நூலிலும், 1932-இல் லாங்போர்டு என்பாருடன் கூடி எழுதிய நூலிலும் அதனை விரித்துரைத்தார். பின்னைய நூலில் எஸ் 1 முதல் எஸ் 5 ஈறாக ஐந்து முறைகள் காணப்படுகின்றன. அவை தம்முள் வேறுபட்டவை. அவற்றின் விதிகள் தெளிவாக இருந்தன. அவ்விதிகள் எதனைப் பற்றிப் பேசுகின்றன என்பதோ அத்துணைத் தெளிவாக இருந்திலது. ஆகவே எழுத்துக்களை விதிப்படி இடம் மாற்றும் ஆட்டமாகவே அம்முறைகள் பலர்க்குத் தோன்றின.

நிறுவும் முறை

1933-இல் கூர்ட் கேடல் என்னும் பேரறிஞர், மிகச் சுருங்கிய கட்டுரை ஒன்றில், பழைய அளவை முழுவதையும் அவ்வாறே வைத்துக்கொண்டு அதன்மேல் கட்டாயத்திற்குரிய சில விதிகளை மட்டும் சேர்த்தால் போதும் எனக் காட்டினார். இந்நாளில் இந்நூல் பயில்வோர் பெரும்பாலும் அவ்வழியையே மேற்கொள்வர். அவ்வழியில் அமைந்த அடிப்படை முறை 'கே' என்பதாம். அதன் உறுப்புக்கள் மூன்று. முதலாவது, பழைய அளவை நூலில் நிறுவப்படுவன யாவும் இதற்கும் உரியன. இரண்டாவது, 'க எனின் ச' என்பது கட்டாயமாகவும் க கட்டாயமாகவும் இருப்பின், ச-வும் கட்டாயமாம். மூன்றாவது, ஒரு வாக்கியம் நிறுவப்பட்டதாயின், அது கட்டாயம் என்பதும் நிறுவப்பட்டதாம்.

இம்மூன்றாவதைக் கருத்தூன்றி நோக்கல் வேண்டும். உண்மையாவதெல்லாம் கட்டாயம் என்று அது கூறவில்லை. முற்றத்தில் வேம்பு நிற்கின்றது என்பது உண்மையாகலாம், கட்டாயம் அன்று. வேறு துணையின்றி விதிகளானே நிறுவப்பட்டது எதுவோ, அதுவே கட்டாயம் என்று கூறுகின்றது. இனி, 'கூடும்' என்பதற்குத் தனி விதி வேண்டா. 'க கூடும்' என்பது, 'க பொய்யாதல் கட்டாயம் அன்று' என்பதேயாம்.

இவற்றின்மேல் வேண்டுவார் வேண்டிய முதற்கோள்களைச் சேர்ப்பர். 'க கட்டாயமாயின் க உண்மை' என்பதைச் சேர்ப்பின் 'டி' என்னும் முறை பிறக்கும். அதன்மேல் 'க கட்டாயமாயின், க கட்டாயம் என்பதும் கட்டாயம்' என்பதைச் சேர்ப்பின் 'எஸ் 4' பிறக்கும். அதன்மேலும் 'க உண்மையாயின், க கூடும் என்பது கட்டாயம்' என்பதைச் சேர்ப்பின் 'எஸ் 5' ஆம். எதனைச் சேர்ப்பது, எதனை விடுப்பது என்பது, கட்டாயம் என்னும் சொல்லை எப்பொருளில் வழங்குகின்றோம் என்பதைப் பொறுத்தது. 'அறியப்பட்டது' என்னும் பொருளிற் கொள்ளின் டி-க்குரிய முதற்கோள் பொருந்தும். என்னை? பொய்யை நம்புவார் உளர், அறிவார் இலர். 'அறமுறையாற் செய்யத்தக்கது' என்னும் பொருளிற் கொள்ளின் அது பொருந்தாது. செய்யத்தக்கன யாவும் இவ்வுலகிற் செய்யப்பட்டுவிட்டன என்று துணிந்து கூறுவார் யார்?

உலகங்கள்

இவ்விதிகளுக்குப் பொருள் கண்டவருள் தலைசிறந்தவர் சால் கிரிப்கி. 1940-இல் நியூயார்க்கு மாநிலத்திற் பிறந்து, நெபிராஸ்கா மாநிலத்து ஒமாகா நகரில் வளர்ந்த இவர், நிலையளவையின் நிறைவு பற்றிய தம் முதற் கட்டுரையை 1959-இல் வெளியிட்டபொழுது எம்மினும் இளையராய்ப் பதினெட்டு ஆண்டே நிரம்பியிருந்தார். காங்கர், ஹின்டிக்கா முதலிய பிறரும் அக்காலத்தை ஒட்டி இவ்வழியில் முயன்றனர் எனினும், 1963-இல் கிரிப்கி வெளியிட்ட கட்டுரைகளே இதனை யாவர்க்கும் பொதுவழியாக்கின. மேற்கூறிய 'கே' என்னும் பெயரும் இவர் பெயரின் முதலெழுத்தால் அமைந்ததே. இவர் 2022-இல் மறைந்தார்.

உலகம் என்னும் சொல்லைக் கண்டு மருள வேண்டா. செய்தி ஒவ்வொன்றும் உண்மையோ பொய்யோ என முடிவாகிவிட்ட ஒரு நிலையே ஈண்டு உலகம் எனப்படும். உலகங்கள் பலவும், அவற்றுள் எதனின்று எது எட்டப்படும் என்னும் உறவும் சேர்ந்தது 'சட்டகம்' ஆகும். ஒவ்வோர் உலகிலும் எவ்வெச் செய்தி உண்மை என்னும் குறிப்பை அச்சட்டகத்தோடு சேர்ப்பின், அது 'மாதிரி' ஆகும். ஓர் உலகினின்று எட்டப்படும் எல்லா உலகங்களிலும் க உண்மையாயின், அவ்வுலகில் 'க கட்டாயம்' என்பது உண்மை. எட்டப்படும் உலகங்களுள் ஒன்றிலேனும் க உண்மையாயின், அவ்வுலகில் 'க கூடும்' என்பது உண்மை. கிரிப்கி வகுத்த பொருள் இவ்வளவே.

சதுரங்கப் பலகையை எடுத்துக்கொள்வோம். காய்கள் நிற்கும் இடங்களும், ஆடவேண்டுவார் யார் என்பதும் சேர்ந்த ஒவ்வொரு நிலையும் ஓர் உலகம். ஒரே நகர்வால் அடையப்படும் நிலைகளே எட்டப்படுவன என்க. கருங்காயார் ஆடவேண்டிய ஒரு நிலையில் நாம் நிற்பதாகக் கொள்வோம். அவர் எக்காயை நகர்த்தினும், அடுத்த நிலை வெள்ளைக்காயார் ஆடவேண்டியதாகவே இருக்கும். ஆகவே 'வெள்ளைக்காயார் முறை' என்பது இந்நிலையிற் கட்டாயம். ஆயினும் இந்நிலையில் அஃது உண்மை அன்று. எனவே 'க கட்டாயமாயின் க உண்மை' என்பது இப்பலகையிற் பொய்த்தது. 'கே' என்னும் முறையின் விதிகளோ எச்சட்டகத்திலும் பொய்ப்பதில்லை. பொய்யாத விதிகளினின்று பொய்ப்பதொன்று பிறவாதாகலின், டி-க்குரிய முதற்கோளைக் 'கே' முறையில் எவராலும், எக்காலத்தும் நிறுவ இயலாது என்பது பெறப்பட்டது.

இனி, எட்டுதல் என்பதை வேறு வகையாற் கொள்வோம். ஒரு நகர்வுமின்றியோ, எத்தனை நகர்வுகளாலோ அடையப்படும் நிலைகள் யாவும் எட்டப்படுவன என்க. இப்பொழுது ஒவ்வொரு நிலையும் தன்னைத் தான் எட்டும். ஆகவே டி-க்குரிய முதற்கோள் பொருந்தும். ஒன்று மற்றொன்றையும் அது வேறொன்றையும் எட்டின், முதலது மூன்றாவதையும் எட்டும். ஆகவே எஸ் 4-க்குரிய முதற்கோளும் பொருந்தும். எஸ் 5-க்குரியதோ பொருந்தாது. ஆட்டத் தொடக்கத்தில் 'பலகையில் 32 காய்கள் உள்ளன' என்பது உண்மை. ஒரு காய் வெட்டுண்டபின் காய்த்தொகை மீண்டும் ஏறுவதில்லை. ஆகவே அந்நிலையினின்று '32 காய்கள் உள்ளன' என்பது கூடாது. எனவே தொடக்கத்தில் உண்மையாயிருந்ததொன்று கூடும் என்பது கட்டாயமாயிற்றில்லை. எஸ் 4 முறையில் எஸ் 5-க்குரிய முதற்கோளை நிறுவ இயலாது என்பதற்கு, வெட்டுண்டு பலகையின் ஓரத்திற் கிடக்கும் ஒரு காலாளே சான்றாகின்றது.

இரு வினாக்கள்

இதுகாறும் கூறியவற்றால், நிறுவல் ஒருபுறமும் உலகங்களில் விளங்கும் உண்மை மற்றொருபுறமுமாக இரண்டு வேறு பொருள்கள் நம் முன் நிற்கின்றன. நிறுவல் என்பது விதிப்படி எழுதப்பட்ட வாக்கியங்களின் வரிசை. அதனைச் சரிபார்க்க உலகைக் காண வேண்டா, ஏட்டைக் கண்டால் போதும். உண்மையோ உலகங்களை நோக்கி அறியப்படுவது. இவ்விரண்டும் ஒத்துச் செல்லுமோ?

இவ்வினா இரு கூறாகப் பிரியும். நிறுவப்பட்டன யாவும் அம்முறைக்குரிய சட்டகங்கள் எல்லாவற்றிலும் உண்மையோ என்பது ஒன்று. இதனைச் 'செம்மை' என்போம். முதற்கோள்களை ஒவ்வொன்றாகச் சோதித்து, விதிகள் உண்மையைக் கெடுப்பதில்லை எனக் கண்டால் செம்மை பெறப்படும், இஃது எளிது. சதுரங்கப் பலகையைக் கொண்டு மேலே யாம் பெற்ற முடிவுகளுக்குச் செம்மையே போதுமானதாயிருந்தது. அச்சட்டகங்கள் எல்லாவற்றிலும் உண்மையாவன யாவும் நிறுவப்படுமோ என்பது மற்றொன்று. இதனை 'நிறைவு' என்போம்; மேனாட்டார் 'கம்ப்ளீட்னெஸ்' என்பர். இஃது அரிது. ஒரு வாக்கியம் எவ்வுலகிலும் பொய்ப்பதில்லை என்பதனால் மட்டும் அதற்கு ஒரு நிறுவல் ஏட்டில் எழுந்துவிடுமோ?

நிறைவை மறுதலையாகக் கூறின் அதன் பயன் நன்கு விளங்கும். நிறுவல் இல்லாத ஒவ்வொரு வாக்கியத்திற்கும், அது பொய்யாகும் உலகம் ஒன்று எங்கேனும் இருத்தல் வேண்டும் என்பதே அதன் கருத்து. அஃதாவது, நிறுவ இயலாமைக்குச் சான்று சிலபோது கிடைக்கும் என்பதன்று; எப்பொழுதும் உண்டு என்பதாம். கட்டுரைத் தொடக்கத்தில் யாம் எழுப்பிய வினாவிற்கு இதனின் மேலான விடை வேறு யாது?

கட்டளை மாதிரி

நிறுவல் இல்லாத வாக்கியங்கள் எண்ணிறந்தன. ஒவ்வொன்றற்கும் ஒரு சதுரங்கப் பலகையைத் தேடித் திரிதல் எவர்க்கும் இயலாது. ஆயின் ஒரே மாதிரியை அமைத்து, அவை அனைத்தையும் ஒருங்கே பொய்ப்பிக்கலாம். அதனைக் 'கனானிகல் மாடல்' என்பர். பொன்னின் மாற்றை உரைத்துக் காட்டும் கல்லைக் கட்டளைக்கல் என்பது நம்மவர் வழக்கு. இம்மாதிரியும் வாக்கியங்களை உரைத்து, நிறுவப்படுவது இது, நிறுவப்படாதது இது எனக் காட்டுதலின், யாம் இதனைக் 'கட்டளை மாதிரி' என்பாம்.

இதனை அமைக்க உலகங்கள் வேண்டும். அவற்றிற்கு எங்கே போவது? வாக்கியங்களைக் கொண்டே உலகங்களை ஆக்கிக்கொள்ளலாம் என்பதே இதன் உயிர்நாடி. 1949-இல் லியோன் ஹென்கின் என்பார் வேறோர் அளவையின் நிறைவை நிறுவுதற்குக் கையாண்ட வழி இது. இதனை நிலையளவைக்கு உரியதாக்கியவர் லெமன், ஸ்காட், மேக்கின்சன், கிரெஸ்வெல் முதலியோர். 1966-ஆம் ஆண்டை ஒட்டி அவர்கள் இதனைச் செய்தனர். லெமன், ஸ்காட்டுடன் கூடி ஒரு பெருநூல் எழுதத் தொடங்கி, அது முடியுமுன் 1966-இல் மறைந்தார். எழுதி முடித்த பகுதி 1977-இல் அச்சேறிற்று.

முரணற்ற வாக்கியத் தொகுதி ஒன்றை எடுத்துக்கொள்க. முரணற்றது என்பது, அதனுள் உள்ளவற்றைக் கொண்டு ஒன்றையும் அதன் மறுப்பையும் ஒருங்கே நிறுவ இயலாமை. இனி, மொழியிலுள்ள வாக்கியங்கள் அனைத்தையும் வரிசைப்படுத்துக. வரிசையில் முதல் வாக்கியத்தைத் தொகுதியோடு சேர்த்தால் முரண் விளையுமோ என நோக்குக. விளையாதாயின் அதனைச் சேர்க்க. விளையுமாயின் அதன் மறுப்பைச் சேர்க்க. இரண்டாவதையும் அவ்வாறே செய்க, மூன்றாவதையும் அவ்வாறே. இங்ஙனம் வரிசை முழுவதும் செய்து முடிந்ததாகக் கொள்ளின், எஞ்சுவது ஒரு நிறைபட்டியல். அதில் எந்த வாக்கியத்தை எடுப்பினும், அதுவோ அதன் மறுப்போ இரண்டிலொன்று இருந்தே தீரும். இரண்டும் ஒருங்கே இரா. இவ்வழியைக் கண்டவர் போலந்து நாட்டு வார்சா நகரத்துக் கணித அறிஞர் அடால்ப் லிண்டன்பாம். 1930-இல் டார்ஸ்கி இதனை அவர் பெயரால் வெளியிட்டார். யூதராகிய அவர் 1941-இல் நாஜிகளாற் கொல்லப்பட்டார். அவர் கண்ட வழியோ இன்று உலகெங்கும் அளவை பயில்வோர் கற்கும் முதற்பாடங்களுள் ஒன்றாயிருக்கின்றது.

அத்தகைய நிறைபட்டியல் ஒவ்வொன்றும் கட்டளை மாதிரியில் ஓர் உலகமாம். ஓர் உலகினின்று மற்றோர் உலகு எட்டப்படுவது எப்பொழுது எனின், முன்னைய பட்டியல் கட்டாயம் எனக் கூறுவன யாவும் பின்னைய பட்டியலில் இடம்பெற்றிருக்கும்பொழுது. நிலைச்சொல் கலவாத தனிச்செய்தி ஓர் உலகில் உண்மையாவது, அது அப்பட்டியலில் இருக்குமாயின். இங்ஙனம் அமைத்தபின் காட்டவேண்டுவது ஒன்றே: தனிச்செய்தி மட்டுமன்றி எவ்வாக்கியமாயினும், பட்டியலில் இருத்தலும் அவ்வுலகில் உண்மையாதலும் ஒன்றே என்பது.

ஈண்டு ஒரு தடை நிகழும். 'க கட்டாயம்' என்பது ஓர் உலகின் பட்டியலில் இல்லை எனக் கொள்வோம். அங்ஙனமாயின் அவ்வுலகினின்று எட்டப்படும் ஏதேனும் ஓர் உலகில் க பொய்யாதல் வேண்டும். அத்தகைய உலகு உண்டு என்பதற்கு உறுதி யாது? அப்பட்டியல் எவ்வெவற்றைக் கட்டாயம் என்கின்றதோ அவற்றையெல்லாம் ஒருங்கு திரட்டி, அவற்றோடு க-வின் மறுப்பையும் சேர்க்க. இத்தொகுதி முரணுடையதாயின், திரட்டியவற்றுள் சிலவற்றைக் கொண்டே க-வை நிறுவலாம். நிறுவல் எதுவும் முடிவுள்ளதாகலின் அதற்குச் சிலவே போதும். அஃதாவது, 'அச்சில எனின் க' என்பது நிறுவப்பட்டதாம். நிறுவப்பட்டதாகவே, 'கே' முறையின் மூன்றாம் விதியால் அது கட்டாயமாம். இரண்டாம் விதியால், அச்சில கட்டாயமாகவே க-வும் கட்டாயமாம். அச்சிலவற்றையோ நம் பட்டியல் முன்னரே கட்டாயம் என்றது. ஆகவே 'க கட்டாயம்' என்பதும் அப்பட்டியலில் இருந்தாக வேண்டும். அஃது இல்லை என்றன்றோ கொண்டோம்? எனவே திரட்டிய தொகுதி முரணற்றதே. லிண்டன்பாம் வழியால் அதனை நிறைபட்டியலாக்கின், வேண்டிய உலகு கிடைத்துவிடும். 'கே' முறைக்குரிய அவ்விரு விதிகளும் எதற்காக அங்கே வைக்கப்பட்டன என்பது இவ்விடத்தில்தான் தெளிவாகின்றது.

இப்பொழுது நிறைவு தானே வந்து சேர்கின்றது. ஒரு வாக்கியத்திற்கு நிறுவல் இல்லையாயின் அதன் மறுப்பு முரணற்றது. முரணற்றதாகலின் அம்மறுப்பு ஏதேனும் ஒரு நிறைபட்டியலில் இடம்பெறும். அப்பட்டியலே கட்டளை மாதிரியில் ஓர் உலகம். அவ்வுலகில் நம் வாக்கியம் பொய். எவ்வாக்கியத்தை எடுப்பினும் வழி இதுவே.

சொற்களைக் கொண்டு உலகை ஆக்குதல் கண்கட்டு வித்தை போலாமன்றோ எனின், அன்று. உலகங்கள் மண்ணாலாயினவோ எழுத்தாலாயினவோ என்று கிரிப்கியின் இலக்கணம் வினவவில்லை. சில பொருள்களும் அவற்றிடையே ஓர் உறவும் இருத்தலையே வேண்டிற்று. பட்டியல்களும் பொருள்களே.

டி முறைக்கும் எஸ் 4 முறைக்கும் இவ்வாறே கட்டளை மாதிரிகள் அமைக்கலாம். ஆண்டுக் காட்டவேண்டுவது இன்னும் ஒன்றுண்டு: மாதிரியின் சட்டகம் அம்முறைக்கு ஏற்றதாயிருத்தல். டி முறையில் ஒரு பட்டியல் 'க கட்டாயம்' எனின், முதற்கோளின்படி க-வும் அப்பட்டியலிலேயே இருக்கும். ஆகவே ஒவ்வோர் உலகும் தன்னைத் தான் எட்டும். எஸ் 4 முறையில், முதல் உலகு 'க கட்டாயம்' எனின், அதுவே கட்டாயம் எனவும் கூறும். ஆகவே அதனால் எட்டப்படும் இரண்டாவது உலகு 'க கட்டாயம்' என்னும். இரண்டாவதால் எட்டப்படும் மூன்றாவதில் க இருக்கும். ஆகவே முதலது மூன்றாவதை எட்டும். முதற்கோள் ஏட்டில் கூறியது சட்டகத்தின் வடிவாகவே வெளிப்படுகின்றது. இங்ஙனம் இயலும் முதற்கோள்களின் பெருங்குழு ஒன்றைச் சால்க்விஸ்ட் என்னும் அறிஞர் 1975-இல் வெளிவந்த கட்டுரையில் வரையறுத்துக் காட்டினார்.

நிறைவின் எல்லை

இனி எம்முறையும் இவ்வாறே நிறைவுபெறும் எனக் கருதல் கூடாது. 1955-இல் லோப் என்னும் அறிஞர் எண்கணித நிறுவல்களைப் பற்றி ஓர் உண்மையைக் கண்டார். எண்கணித முறை ஒன்று, 'க நிறுவப்படுமாயின் க உண்மை' என்பதைத் தானே நிறுவுமாயின், அது க-வையே நிறுவிவிடும் என்பதாம். கட்டாயம் என்பதை 'நிறுவப்படும்' எனக் கொண்டு இதனை முதற்கோளாக வைத்த முறையை, கேடல், லோப் இருவர் பெயராலும் ஜி. எல். என்பர். இதற்கேற்ற சட்டகம், என்றேனும் முடிந்தே தீரும் ஆட்டம் போன்றது. நிகழ்ந்த நகர்வுகளையும் நிலையோடு சேர்த்தெண்ணி, ஒரு நகர்வேனும் நிகழ்ந்தபின் வருவனவே எட்டப்படுவன எனக் கொள்ளின், அத்தகைய ஆட்டத்தில் எந்நிலையும் தன்னை எட்டாது. எல்லையற்ற தொடரும் இராது.

இனி இவ்வாக்கியங்களை நோக்குக: முதற்படி கூடும்; முதற்படி நிகழின் இரண்டாம்படி கூடும் என்பது கட்டாயம்; இரண்டாம்படி நிகழின் மூன்றாம்படி கூடும் என்பது கட்டாயம்; இங்ஙனம் எல்லையின்றிச் செல்க. இவற்றுள் எத்தனையைத் தெரிந்தெடுப்பினும், எடுத்தவை முடிவுள்ளனவாயின், அவற்றிற்கேற்ற முடிவுள்ள ஏணி ஒன்று உண்டு. அனைத்தையும் ஒருங்கே எடுப்பின், முடிவில்லா ஏணி வேண்டும், அதற்கு ஜி. எல். சட்டகத்தில் இடமில்லை. ஆயினும் எந்த முரணும் முடிவுள்ள சிலவற்றினின்றே பிறத்தலின், இத்தொகுதி முரணற்றதே. எனவே கட்டளை மாதிரி இதற்கும் ஓர் உலகு தந்தே தீரும்; தரவே, அதன் சட்டகம் ஜி. எல். முறைக்குரியதன்றாய்ப் போகும். எம்முரணற்ற தொகுதிக்கும் இடம் மறாத வள்ளன்மையே ஈண்டு அதற்குக் குறையாய் முடிந்தது. ஆயினும் செகர்பர்க் என்னும் அறிஞர், முடிவுள்ள சட்டகங்களைக் கொண்டு வேறு வழியால் இம்முறை நிறைவுடையதே என 1971-இல் காட்டினார்.

வழி மாற்றினும் நிறைவு கிட்டாத முறைகளும் உள. 1974-இல் கிட் பைன், எஸ். கே. தாமசன் என்னும் இருவரும் தனித்தனியே, எவ்வகைச் சட்டகத் தொகுதியாலும் நிறைவுபெறாத நிலையளவை முறைகளைக் காட்டினர். அம்முறைகளில், ஏற்ற சட்டகங்கள் எல்லாவற்றிலும் உண்மையாயிருந்தும் நிறுவல் இல்லாத வாக்கியம் உண்டு. ஆகவே மெய்யும் நிறுவலும் ஒத்துச் செல்லுதல் இயல்பாகவே அமைந்ததொன்றன்று. ஒவ்வொரு முறைக்கும் தனியே உழைத்து ஈட்டவேண்டிய பேறாம்.

இவ்வாராய்ச்சியின் பயன் ஏட்டளவில் நின்றுவிடவில்லை. 1962-இல் ஹின்டிக்கா அறிவு, நம்பிக்கை என்னும் இரண்டையும் இவ்வுலகங்களைக் கொண்டு ஆராய்ந்து ஒரு நூல் செய்தார். 1977-இல் அமீர் பினுவேலி என்பார், கணிப்பொறியின் ஆணைத்தொடர்கள் பிழையின்றி இயங்குமோ என்று ஆராய்தற்குக் காலம் பற்றிய நிலையளவையைக் கருவியாக்கினார். 'இப்பிழை என்றும் நிகழாது' என்பது கட்டாயத்தைப் பற்றிய வாக்கியமன்றோ? அது பொய்யாயின், அது பொய்க்கும் இயக்கம் ஒன்றை எடுத்துக்காட்டுவதே பிழையைக் கண்டறியும் வழியாம்.

இலக்கியம் பயிலும் நமக்கும் இதில் ஒரு கடப்பாடு உண்டு. ஒரு நூலின் காலம் பற்றியோ, ஒரு பாடத்தின் பொருள் பற்றியோ வாதிடுங்கால், எதிர் வழக்காடுவார் கூற்று அவர் காட்டும் சான்றுகளினின்று பெறப்படாது என்று நாம் எளிதிற் கூறிவிடுகின்றோம். அவர் நிறுவக் கண்டிலேம் என்பது அதற்குப் போதாது. அவர் காட்டும் சான்றுகள் அனைத்தும் உண்மையாயிருக்க, அவர் முடிவு மட்டும் பொய்யாகும் ஒரு நிலையை நாம் எடுத்து அமைத்துக் காட்டல் வேண்டும். அமைக்க முடிந்ததாயின் வாதம் முடிந்தது. அமைக்க முடியாதாயின், அவர் கூறுவது பெறப்படுமோ என்று நாமே மீண்டும் ஒருமுறை ஏட்டைப் புரட்டுவது முறையாகும்.